ஏழைகளின் உறவினர் தீனபந்து ஆண்ட்ரூஸ்

உலகில் பிறக்கிறவர்கள் கோடிக்கணக்கானோர். பிறருக்காக வாழ்ந்தவர்கள் ஒரு சிலரே. அந்த ஒரு சிலரில் ஒருவர் சார்லஸ் பிரீர் ஆண்ட்ரூஸ். அவர் ஒரு வெள்ளைக்காரர், கிறிஸ்துவப் பாதிரியார். ஆனால் சஞ்சிக்கூலிகளாகக் கடல் கடந்து போன ஏழை இந்தியர்களுக்காகத் தம் வாழ்நாளின் பெரும் பகுதியைச் செலவழித்தவர். மக்கள் அவரைத் தீனபந்து என்று அன்போடு அழைத்தார்கள். ஏழைகளுக்கு உறவினர் என்பது அதன் பொருள்.

காந்தியடிகளைப் பற்றி நம்ம பிள்ளைகள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அவரோடு தோளோடு தோள் நின்ற இந்த மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. தோட்டப்புறத்தில் வாழ்ந்த, வாழ்கிற மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பிறப்பும் வளர்ப்பும்

ஆண்ட்ரூஸ் 1871-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். அவருடைய தகப்பனார் ஒரு சபையின் போதகர். குடும்பம் பின்னர் பர்மிங்ஹாம் நகரில் குடியேறியது. வீடு நிறையப் பிள்ளைகள். சிறு வயதில் ஆண்ட்ரூஸ் கடும் நோயில் விழுந்தபோது தாயார் இரவு பகல் பாராமல் பக்கத்திலேயே இருந்து காப்பாற்றினார். அந்தத் தாயன்பு அவர் நெஞ்சை விட்டு ஒரு நாளும் நீங்கவில்லை.

அவர் சிறுவராக இருந்தபோது வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தது. தாயாருக்கு வந்த சொத்தைப் பார்த்துக்கொள்ளும்படி குடும்ப நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அந்த நண்பர் பணம் முழுவதையும் தொலைத்துவிட்டார். வசதியாக இருந்த குடும்பம் ஏழைக் குடும்பமாகிவிட்டது. அன்று மாலை வீட்டில் எல்லாரும் கூடி ஜெபம் செய்யும்போது, தகப்பனார் அந்த நண்பரைச் சபிக்கவில்லை. அவர் மனம் திருந்த வேண்டும் என்று அவருக்காகக் கடவுளிடம் வேண்டினார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு என்றால் என்ன என்பதைச் சிறுவன் ஆண்ட்ரூஸ் எந்தப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டிலேயே கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டான். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நாம் சொல்வதைப் பிள்ளைகள் மறந்துவிடலாம். நாம் செய்வதை மறப்பதில்லை.

படிப்பில் ஆண்ட்ரூஸ் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெம்புரோக் கல்லூரியில் பழைய இலக்கியத்திலும் சமய நூல்களிலும் முதல் வகுப்பில் தேறினார். நினைத்திருந்தால் அங்கேயே பெரிய பேராசிரியராக, நல்ல சம்பளத்தில், கௌரவமாக இருந்திருக்கலாம். அவரோ கப்பல் கட்டும் தொழிலாளர் நிறைந்த சண்டர்லாந்து நகருக்குப் போனார். பின்பு லண்டனில் வால்வொர்த் என்ற ஏழைகள் பகுதிக்குப் போனார். குடியும் பசியும் நோயும் நிறைந்த அந்தச் சந்துகளில் மக்களோடு மக்களாக வாழ்ந்தார். சொற்பப் பணத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டதால் அவர் உடம்பே கெட்டுப்போனது. ஏழையின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஏழையின் பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்தியாவுக்கு வந்தார்

கல்லூரியில் அவருக்கு உயிர் நண்பர் ஒருவர் இருந்தார். பெயர் பேசில் வெஸ்ட்காட். அவர் தில்லிக்குத் தொண்டு செய்யப் போய், 1900-ஆம் ஆண்டில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார். நண்பர் விட்ட இடத்தில் தாம் போய் நிற்க வேண்டும் என்று ஆண்ட்ரூசுக்குத் தோன்றியது. 1904-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் தில்லி வந்து சேர்ந்தார். அந்த நாளைத் தம்முடைய இரண்டாவது பிறந்த நாளாகவே பிற்காலத்தில் அவர் எண்ணி வந்தார்.

தில்லியில் செயின்ட் ஸ்டீபன் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அங்கே அவருக்கு முதல் சோதனை வந்தது. 1906-ஆம் ஆண்டில் கல்லூரித் தலைவர் பதவி காலியானது. அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பதவிகள் வெள்ளைக்காரர்களுக்கே போகும். ஆண்ட்ரூஸ் அதை ஏற்றுக்கொள்ள மறுத்தார். அதே கல்லூரியில் பல ஆண்டுகள் வேலை பார்த்த சுசீல் குமார் ருத்ரா என்ற வங்காளக் கிறிஸ்துவருக்கே அது சேர வேண்டும் என்று வாதாடினார். ருத்ரா கல்லூரியின் முதல் இந்தியத் தலைவரானார். ஆண்ட்ரூஸ் மகிழ்ச்சியோடு அவருக்குக் கீழே ஆசிரியராகவே வேலை செய்தார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் வெள்ளைத்தோல்தான் அதிகாரம் என்று இருந்த காலத்தில், ஒரு வெள்ளைக்காரர் தாமாகவே ஓர் இந்தியருக்குக் கீழே வேலை பார்த்தார் என்றால், மாணவர்கள் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? கடவுளின் முன்னால் எல்லாரும் சமம் என்று நூறு நாள் போதிப்பதைவிட அந்த ஒரு செய்கை அதிகம் போதித்திருக்கும்.

டர்பன் துறைமுகத்தில்

அப்போது தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் பெரும் துன்பத்தில் இருந்தார்கள். கரும்புத் தோட்டத்துக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் சஞ்சிக்கூலிகளாகப் போனவர்கள், ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி கட்ட வேண்டும். இதை எதிர்த்துக் காந்தியடிகள் தலைமையில் 1913-ஆம் ஆண்டில் பெரும் போராட்டம் நடந்தது. அதில் தமிழர்கள் ஏராளம். சிறை சென்று நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிர் விட்ட தில்லையாடி வள்ளியம்மை அந்தப் போராட்டத்தின் பிள்ளைதான்.

இந்தியத் தலைவர் கோகலே கேட்டுக்கொண்டதன் பேரில் ஆண்ட்ரூசும் அவருடைய நண்பர் பியர்சனும் கப்பல் ஏறினார்கள். 1914 ஜனவரித் தொடக்கத்தில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். அங்கே வரவேற்க வந்த கூட்டத்தில் காந்தி யார் என்று ஆண்ட்ரூசுக்குத் தெரியவில்லை. விசாரித்தார். தலையை மழித்துக்கொண்டு, சஞ்சிக்கூலி உடுத்தும் முரட்டு வெள்ளைத் துணியில் நின்ற ஒல்லியான மனிதரைக் காட்டினார்கள். உடனே ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டார்.

துறைமுகத்தில் நின்ற வெள்ளையர்கள் திகைத்துப்போனார்கள். வெள்ளைக்காரப் பாதிரியார் ஓர் இந்தியரின் காலைத் தொடுவதா? பத்திரிகைகள் திட்டின. தம் இனத்தையே கேவலப்படுத்திவிட்டார் என்றார்கள். ஆண்ட்ரூஸ் அதற்காக வருத்தப்படவில்லை. காந்தியடிகளுக்கும் தளபதி ஸ்மட்சுக்கும் இடையே பேச்சு முறிந்துபோகாமல் இங்கும் அங்கும் நடந்து உதவினார். அந்த வேலையில் இருக்கும்போதுதான் இங்கிலாந்தில் அவருடைய தாயார் இறந்துபோன செய்தி வந்தது. பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியவில்லை. கஸ்தூரிபாவும் மற்ற இந்தியத் தாய்மார்களும் அவருக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆண்டிலேயே 3 பவுன் வரி ஒழிக்கப்பட்டது.

பிஜித் தீவின் கண்ணீர்

அதன் பிறகு ஆண்ட்ரூஸ் மகாகவி தாகூரின் சாந்திநிகேதனத்துக்குப் போய் அங்கே ஆசிரியராகத் தங்கினார். பாதிரியார் உடையைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டார். கிறிஸ்துவை மட்டும் அவர் விடவில்லை.

1915-ஆம் ஆண்டில் அவருக்கு வாந்திபேதி கண்டது. பிழைத்ததே பெரிய காரியம். உடம்பு தேறி வரும்போது பிஜித் தீவுச் சஞ்சிக்கூலிகளைப் பற்றிய செய்திகளைப் படித்தார். அவர் மனக்கண் முன்னால் அடிபட்ட ஓர் ஏழைக் கூலியின் முகம் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த முகம் கிறிஸ்துவின் முகமாக மாறியதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இனி உட்கார்ந்திருக்க முடியுமா? கப்பல் ஏறிவிட்டார். நண்பர் பியர்சனும் கூடப் போனார்.

பிஜியின் கதையை நாம் கொஞ்சம் விவரமாகப் பார்க்க வேண்டும். நம் மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. அதன் பிறகு கங்காணி மூலம் ஆள் சேர்த்தார்கள். ஆனால் பசிபிக் கடலில் உள்ள பிஜித் தீவுகளில் அது தொடர்ந்து நடந்தது. 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்களை அங்கே கரும்பு வெட்டக் கொண்டுபோனார்கள். 1903-க்குப் பிறகு சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. அப்படிப் போன தென்னிந்தியர்கள் மட்டும் சுமார் 15,000 பேர். நம் பாட்டன் பூட்டன் பினாங்குக்குக் கப்பல் ஏறிய அதே மாதிரி ஊர்களிலிருந்து போனவர்கள்தான்.

அங்கே ஒப்பந்தம் ஐந்து ஆண்டு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் கிர்மிட். அக்ரிமெண்ட் என்ற ஆங்கிலச் சொல்தான் ஏழைகள் வாயில் அப்படி ஆனது. இலவசமாகக் கப்பலில் ஊர் திரும்ப வேண்டுமானால் மேலும் ஐந்து ஆண்டு அங்கேயே இருக்க வேண்டும். ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங் என்று காகிதத்தில் இருக்கும். கொடுத்த வேலையை முடித்தால்தான் அது முழுசாகக் கிடைக்கும். முடிக்காவிட்டால் கூலி குறையும். வேலைக்கு வராவிட்டால் கோர்ட்டு, அபராதம், சிறை. லயத்தில் ஒரே சின்ன அறையில் கல்யாணமாகாத ஆண்கள் மூன்று பேர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற கணக்கில் கப்பலில் ஏற்றினார்கள். குடும்பம் என்பதே அங்கே நிலைக்கவில்லை. பெண்களுக்குப் பாதுகாப்பில்லை. சண்டையும் கொலையும் நடந்தன. தூக்கு மாட்டிக்கொண்டு செத்தவர்கள் ஏராளம்.

ஆண்ட்ரூசும் பியர்சனும் கரும்புக்காட்டுக்குள்ளும் லயங்களுக்குள்ளும் நடந்தே போனார்கள். தோட்டத்துத் துரைமார் சொன்னதையும் கேட்டார்கள். கூலிகள் சொன்னதையும் கேட்டார்கள். பெண்களின் கதையையும் கேட்டார்கள். கணக்குகளைப் பார்த்தார்கள். கோபத்தில் கண்டபடி எழுதவில்லை. கண்டதைக் கண்டபடி, சாட்சியோடு எழுதினார்கள். துரைமாரில் நல்லவர் இருந்தால் அதையும் எழுதினார்கள். குற்றம் தனி மனிதர்களிடம் மட்டும் இல்லை, அந்த முறையே அநியாயம், அதைத் திருத்த முடியாது, ஒழிக்கத்தான் வேண்டும் என்று முடிவு சொன்னார்கள். அந்த அறிக்கை 1916-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது.

1916 மார்ச் மாதத்தில் இந்தியச் சட்டசபையில் பண்டித மாளவியா இந்த முறையை ஒழிக்க வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு ஒப்புக்கொண்டார். எல்லாரும் வெற்றி என்று மகிழ்ந்தார்கள். ஆனால் இன்னும் சில ஆண்டுகளுக்கு ஆள் பிடிப்பது தொடரும் என்று பின்னால் தெரிந்தது. ஆண்ட்ரூசுக்கு மனம் கொதித்தது. இந்தியா முழுவதும் ஊர் ஊராகக் கூட்டங்கள் நடந்தன. பெண்கள் தூது சென்று வைசிராயைச் சந்தித்தார்கள். 1917 மார்ச் மாதத்தில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

அதோடு அவர் ஓயவில்லை. ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்களே! அதே 1917-இல் தனியாக மறுபடியும் பிஜிக்குப் போனார். பல மாதம் தங்கினார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், மருத்துவ வசதி வேண்டும் என்று கேட்டார். ஆஸ்திரேலியாவுக்குப் போய்க் கரும்பாலை முதலாளிகளிடமே பேசினார். அங்குள்ள கிறிஸ்துவப் பெண்களின் மனச்சாட்சியைத் தட்டினார். ஆஸ்திரேலியப் பெண்கள் சங்கங்கள் கார்னம் என்ற அம்மையாரைப் பிஜிக்கு அனுப்பி விசாரித்தன. அவர் 1918-இல் கொடுத்த அறிக்கையும் ஆண்ட்ரூஸ் சொன்னது உண்மை என்றே சொன்னது. கடைசியில் 1920 ஜனவரித் தொடக்கத்தில் பிஜியில் மீதியிருந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ரத்து செய்யப்பட்டன. கிர்மிட் ஒழிந்தது.

இந்த வெற்றி ஒருவரால் மட்டும் வந்ததில்லை. கோகலே, காந்தியடிகள், மாளவியா, பிஜியில் 21 ஆண்டுகள் இருந்து திரும்பித் தம் கதையை எழுதிய தோத்தாராம் சனாத்யா என்று எத்தனையோ பேர் பாடுபட்டார்கள். ஆனால் சர்க்காரும் முதலாளியும் யார் இனமோ அந்த இனத்திலேயே பிறந்த ஒருவர், நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சாட்சி சொன்னார் பாருங்கள், அதைப் பொய் என்று தள்ள யாராலும் முடியவில்லை.

தொழிலாளர் பக்கம்

1921-ஆம் ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கூலி போதாமல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பக் கிளம்பினார்கள். சாந்த்பூர் என்ற இடத்தில் இரயில் நிலையத்தில் படுத்திருந்தவர்களைச் சிப்பாய்களை விட்டு அடித்து விரட்டினார்கள். அங்கேயே வாந்திபேதி பரவியது. ஆண்ட்ரூஸ் ஓடிப்போய் நோயாளிகளுக்கு உதவினார். அவர்களை ஊருக்கு அனுப்ப வழி தேடினார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கும் அவர் தலைவராக இருந்திருக்கிறார்.

கிழக்கு ஆப்பிரிக்கா, பிரிட்டிஷ் கயானா என்று இந்தியத் தொழிலாளர் போன இடமெல்லாம் அவரும் போனார். கென்யாவில் ஒருமுறை இரயிலில் வெள்ளையர் சிலர் அவர் தாடியைப் பிடித்து இழுத்து அடித்தார்கள். தம் இனத்தாரே தம்மைத் துரோகி என்று சொன்னாலும் அவர் யாரையும் வெறுக்கவில்லை. அன்று மாலை ஜெபத்தில் தகப்பனார் காட்டிய வழி அது.

1924-இல் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தியடிகள் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டவர் ஆண்ட்ரூஸ். காந்தியடிகள் இந்து. தாகூர் பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்தவர். இருவருக்கும் அவர் உயிர் நண்பர். நீ உன் மதத்தை விட்டுவிடு என்று அவர் யாரையும் வற்புறுத்தவில்லை. தம் மதத்தை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். அதைப் பார்த்தே பலருக்குக் கிறிஸ்துவின் மேல் மதிப்பு வந்தது.

சொந்தமாக அவரிடம் ஒன்றும் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீடு வாசல் இல்லை. நண்பர்கள் அவருக்குப் புதுத் துணி கொடுத்தால் அடுத்த நாள் அது வேறு யாராவது ஓர் ஏழையின் மேல் இருக்கும். 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1971-இல் அவர் பிறந்த நூற்றாண்டுக்கு இந்திய அரசு தபால் தலை வெளியிட்டது.

நாம் கற்க வேண்டியது

மாணவச் செல்வங்களே! இன்று நீங்கள் மேடையேறிப் பரிசு வாங்குகிறீர்கள். சந்தோஷம். ஆண்ட்ரூசும் படிப்பில் முதலாவதாக வந்தவர்தான். ஆனால் அந்தப் படிப்பை எழுதப் படிக்கத் தெரியாத கரும்புக்காட்டுக் கூலிக்காக மனு எழுதவும் அறிக்கை எழுதவும் பயன்படுத்தினார். நாளைக்கு நீங்கள் படித்துப் பட்டணத்துக்குப் போவீர்கள். உத்தியோகம் பார்ப்பீர்கள். ஊரில் ஒரு பாட்டி பாரம் நிரப்பத் தெரியாமல் நின்றால் உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். அங்கேதான் உங்கள் பரிசுக்கு மதிப்பு.

பெற்றோர் பெருமக்களே! நம்மில் இந்துக்கள் உண்டு, கிறிஸ்துவர்கள் உண்டு, இஸ்லாமியர்கள் உண்டு. திருவிழாவும் பண்டிகையும் நன்றாகவே கொண்டாடுகிறோம். அடுத்த வீட்டுக்காரருக்கு அநியாயம் நடக்கும்போது நமக்கெதுக்கு வம்பு என்று கதவைச் சாத்திக்கொண்டால், அந்தக் கொண்டாட்டத்தால் என்ன பயன்? தப்பு செய்தவன் நம்ம ஆளாக இருந்தாலும் தப்பு தப்புதான் என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும். ஆண்ட்ரூஸ் அதைத்தான் செய்தார். அதனால் பேரும் போனது, உதையும் வாங்கினார். ஆனால் ஒரு தீவு முழுவதும் அடிமைத்தனம் ஒழிந்தது.

கடவுளைக் கோயிலில் தேடுவோர் உண்டு. ஒரு கூலியின் முகத்தில் கண்டவர் ஆண்ட்ரூஸ். அவர் காட்டிய வழியில் நம் பிள்ளைகள் வளர வேண்டும். தீனபந்துவின் புகழ் ஓங்குக!